பழைய ஹை-ஃபை செட்டை வீட்டில் உயிர்ப்பிப்பது எப்படி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அப்பா காலத்து டர்ன்டேபிள், பரணில் கிடக்கும் கேசட் டெக், சித்தப்பா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த ஆம்ப்ளிஃபயர் என்று ஏதாவது ஒன்றை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய செட்டுக்குப் பெரும்பாலும் தேவைப்படுவது சுத்தமும் பொறுமையும்தான், புதுப் பாகங்கள் அல்ல. நன்றாக ஓடும் ஒன்றை "மேம்படுத்துகிறேன்" என்று பிரித்துக் கெடுத்தவர்கள்தான் அதிகம்.

பழைய செட்டில் அப்படி என்ன இருக்கிறது? புதிதாக ஒன்று வாங்கிவிடலாமே?

வாங்கலாம், தப்பில்லை. ஆனால் 1970களில் பயனியர், சான்சுய், கென்வுட் போன்ற ஜப்பானிய நிறுவனங்கள் ஒன்றோடொன்று போட்டி போட்டுச் செய்த ரிசீவர்களை, அதாவது ரேடியோவும் ஆம்ப்ளிஃபயரும் ஒன்றாக இருக்கும் செட்டுகளைத் திறந்து பாருங்கள். பெரிய டிரான்ஸ்பார்மர், சூட்டை வெளியேற்றும் தடித்த ஹீட் சிங்க், கையால் பற்றவைத்துச் சரிசெய்யக்கூடிய அளவுக்குப் பெரிய பாகங்கள். எந்த ரெசிஸ்டர் கருகியது என்று கண்ணுக்கே தெரியும். இன்றைய சிறிய செட்டில் ஒரு ஐ.சி. போனால் போர்டையே தூக்கிப் போட வேண்டியிருக்கிறது. சரிசெய்ய முடியும் என்பதே பழைய செட்டின் பெரிய குணம்.

நம் ஊர்ச் செட்டுகளையும் குறைத்து மதிக்காதீர்கள். கொல்கத்தாவின் சோனோடைன், காஸ்மிக், பிலிப்ஸ் இந்தியா, எச்.எம்.வி. பெயரில் வந்த பிளேயர்கள் எல்லாம் இன்னும் வீடுகளில் இருக்கின்றன. 230 வோல்ட்டுக்கும் நம் வெயிலுக்கும் ஏற்றபடி செய்யப்பட்டவை என்பதால் சில விஷயங்களில் வெளிநாட்டுச் செட்டைவிடத் தொல்லை குறைவு.

பல வருடமாகப் போடாத ஆம்ப்ளிஃபயர். சுவிட்சைப் போட்டுப் பார்க்கலாமா?

நேராகப் போடாதீர்கள். இந்த ஒன்றில் மட்டும் அவசரம் வேண்டாம்.

முதலில் மூடியைக் கழற்றித் தூசியைத் தட்டுங்கள். மென்மையான பெயின்ட் பிரஷ் போதும். கரப்பான் எச்சம், பல்லி முட்டை, எலி கடித்த வயர் எல்லாம் நம் வீடுகளில் சகஜம். பல்லி இரண்டு முனைகளுக்கு நடுவே செத்துக் காய்ந்து கிடந்தால் அதுவே ஷார்ட் ஆகிவிடும். கண்டென்சர்களின் (மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் உருளைகள்) தலை உப்பியிருக்கிறதா, அடியில் ஈரப்பசை போல ஏதாவது கசிந்திருக்கிறதா, ஃப்யூஸ் இருக்க வேண்டிய இடத்தில் யாராவது செம்புக் கம்பியைச் சுற்றி வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். கடைசியில் சொன்னது ரொம்ப அடிக்கடி கண்ணில் படும்.

அப்புறம் எலக்ட்ரீஷியன்கள் வைத்திருக்கும் சீரிஸ் பல்பு. ஒரு பிளக், ஒரு பல்பு ஹோல்டர், ஒரு சாக்கெட். மின்சாரம் பல்பு வழியாகத்தான் செட்டுக்குப் போகும். பழைய குண்டு பல்புதான் வேண்டும், எல்.இ.டி. இதற்கு உதவாது. சாதாரண ஆம்ப்ளிஃபயருக்கு 60 வாட், பெரிய ரிசீவருக்கு 100 வாட். ஸ்பீக்கரை இணைக்காமல், வால்யூமைக் குறைத்து வைத்துச் சுவிட்சைப் போடுங்கள். பல்பு ஒரு நொடி பளிச்சென்று எரிந்து, மெல்ல மங்கினால் நல்ல செய்தி. உள்ளே இருக்கும் பெரிய கண்டென்சர்கள் சார்ஜ் ஆகின்றன என்று பொருள். மங்காமல் முழு வெளிச்சத்தில் எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட். உடனே அணைத்துவிடுங்கள். பல்பு இல்லாமல் போட்டிருந்தால் அந்த மின்சாரம் முழுக்கச் செட்டுக்குள் போய் டிரான்ஸ்பார்மரையே எரித்திருக்கக்கூடும்.

பல்பு மங்கிவிட்டால் மல்டிமீட்டரை டி.சி.யில் வைத்து, ஸ்பீக்கர் முனைகளில் இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள். 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் சரி. வோல்ட் கணக்கில் காட்டினால் ஸ்பீக்கரை இணைக்கவே கூடாது. அதன் உள்ளே இருக்கும் கம்பிச் சுருள் (காயில்) கருகிவிடும். எல்லாம் சரியாக இருந்தால் பல்பை எடுத்துவிட்டு, போனால் போகட்டும் என்று வைத்திருக்கும் ஒரு மலிவு ஸ்பீக்கரில் முதல் பாட்டைக் கேளுங்கள்.

செட்டில் விளக்கு எரிகிறது, சத்தம் மட்டும் வரவில்லை. ஆம்ப்ளிஃபயர் போய்விட்டதா?

முன்பக்கத்தில் "டேப் மானிட்டர்" என்று ஒரு பொத்தான் இருக்கும். அது அமுங்கியிருக்கிறதா என்று பாருங்கள். அமுங்கியிருந்தால் செட் டேப் டெக்கிலிருந்து சத்தம் வரும் என்று காத்துக்கொண்டிருக்கும், நீங்கள் எதைப் போட்டாலும் கேட்காது. செத்துப்போனதாக விற்கப்பட்ட செட்டுகளில் சிலவற்றின் குறை இது மட்டும்தான். அடுத்து, பின்பக்கம் "ப்ரீ அவுட்", "மெயின் இன்" என்று இரண்டு ஜோடி முனைகள் இருந்தால் அவற்றை இணைக்கும் சிறிய உலோக வளைவுகள் காணாமல் போயிருக்கலாம். சாதாரண ஆர்.சி.ஏ. கேபிளால் இணைத்தாலே போதும்.

வால்யூமைத் திருப்பினால் கரகரவென்கிறது. ஒரு பக்கம் வந்து வந்து போகிறது.

வால்யூம் கண்ட்ரோலிலும் சுவிட்சுகளிலும் களிம்பு பிடித்திருக்கிறது. கடற்கரை ஊர்களில் இது கட்டாயம் வரும். எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் கான்டாக்ட் கிளீனர் ஸ்பிரே கிடைக்கும். சென்னைக்காரர்களுக்கு ரிச்சி தெரு இருக்கவே இருக்கிறது. செட்டை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, கண்ட்ரோலின் பின்புறம் உள்ள சிறிய துவாரத்தில் ஒரு சொட்டு அடித்து, குமிழை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு இருபது முப்பது முறை திருப்புங்கள். காய்ந்த பிறகு போட்டுப் பாருங்கள். கதவுக் கீல், சைக்கிள் செயினுக்கு அடிக்கும் துரு நீக்கி ஸ்பிரேயை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். அது விட்டுவிட்டுப் போகும் எண்ணெயில் தூசி ஒட்டிக்கொள்ளும்.

ஒரு பக்கம் வராத குறைக்கு எளிய சோதனை உண்டு. பின்னால் வரும் கேபிளில் இடதையும் வலதையும் மாற்றிச் செருகுங்கள். குறையும் பக்கம் மாறினால் கோளாறு கேபிளிலோ பிளேயரிலோ இருக்கிறது. மாறாமல் அதே பக்கம் நின்றால் ஆம்ப்ளிஃபயரிலோ ஸ்பீக்கரிலோ. இப்படியே ஒவ்வொரு கட்டமாக நகர்ந்தால் திருப்புளியைத் தொடாமலே பாதி வேலை முடிந்துவிடும்.

எல்லாக் கண்டென்சர்களையும் மாற்ற வேண்டும் என்கிறார்களே?

இதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு: வேண்டாம். எலக்ட்ரோலிட்டிக் கண்டென்சர்களுக்குத்தான் வயதாகும். உள்ளே இருக்கும் திரவம் காய்ந்து, கொள்ளளவு குறையும், உள்தடை கூடும். அதன் முதல் அறிகுறி, பாட்டு இல்லாதபோதும் ஸ்பீக்கரில் கேட்கும் "உம்ம்" என்ற 100 ஹெர்ட்ஸ் இரைச்சல். பவர் சப்ளையில் இருக்கும் பெரிய கண்டென்சர்களை முதலில் சோதியுங்கள். ஃபிலிம், செராமிக் வகைகள் பெரும்பாலும் நம்மைவிட அதிக நாள் இருக்கும். அவற்றை விட்டுவிடுங்கள்.

மாற்றும்போது மைக்ரோஃபாரட் அளவு அதே, வோல்ட் அளவு அதே அல்லது கூடுதல், 105 டிகிரி வகை. கூட்டல், கழித்தல் பக்கம் மாறினால் வெடிக்கும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். கழற்றும் முன் செல்போனில் படம் எடுங்கள். எடுத்த பாகங்களை ஒரு கவரில் போட்டுச் செட்டோடு வையுங்கள், அடுத்து பிரிப்பவருக்கு உதவும். சந்தையில் போலி ஔட்புட் டிரான்சிஸ்டர்கள் நிறைய உலவுகின்றன. விலை குறைவு என்பதற்காக முகம் தெரியாத இடத்தில் வாங்க வேண்டாம்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டால் ஷாக் அடிக்காதுதானே?

அடிக்கும். பெரிய கண்டென்சர்கள் பிடுங்கிய பிறகும் சார்ஜைப் பிடித்து வைத்திருக்கும். 1 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டரின் கால்களை இன்சுலேஷன் போட்ட வயரில் பற்றவைத்து, கண்டென்சரின் இரு முனைகளிலும் ஒரு நிமிடம் வைத்துப் பிடியுங்கள். பிறகு மல்டிமீட்டரில் அளந்து உறுதி செய்துகொள்ளுங்கள். திருப்புளியை வைத்து ஷார்ட் செய்யும் பழக்கத்தை விட்டுவிடுங்கள்.

வால்வு செட் வேறு கதை. அதில் 300, 400 வோல்ட் டி.சி. ஓடும். மின்சார வேலை தெரியாதவர்கள் வெளியே துடைப்பதோடு நிறுத்திக்கொண்டு, உள்வேலையைப் பழகிய மெக்கானிக்கிடம் கொடுப்பதுதான் நல்லது.

ஜப்பான் செட், அமெரிக்கா செட் வாங்கினால் ஓடுமா?

ஓடும், ஆனால் மூன்று விஷயம் பார்க்க வேண்டும்.

முதலாவது வோல்ட். ஜப்பானில் 100, அமெரிக்காவில் 120, நமக்கு 230. பின்பக்கம் வோல்ட் மாற்றும் சுவிட்ச் இருந்தால் கவலையில்லை. இல்லையென்றால் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர் வேண்டும். ஜப்பான் செட்டுக்கு 110 வோல்ட் டிரான்ஸ்பார்மரை மாட்டிவிடுவார்கள். செட் சூடாகிக்கொண்டே இருக்கும். 100 வோல்ட் என்றே கேட்டு வாங்குங்கள்.

இரண்டாவது, டர்ன்டேபிளின் வேகம். சிங்க்ரனஸ் மோட்டார் உள்ள பெல்ட் வகைப் பிளேயர்கள் மின்சாரத்தின் ஹெர்ட்ஸை நம்பி ஓடுகின்றன. அமெரிக்காவின் 60 ஹெர்ட்ஸுக்குச் செய்த பிளேயர் நம் 50 ஹெர்ட்ஸில் நிமிடத்துக்கு 33⅓ சுற்றுக்குப் பதில் 28க்கும் குறைவாகத்தான் சுற்றும். 5 கட்டையில் பாடும் பாடகி 3 கட்டைக்கு இறங்கிவிடுவார். ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர் வோல்ட்டை மட்டும்தான் மாற்றும், ஹெர்ட்ஸை மாற்றாது. 50 ஹெர்ட்ஸ் புல்லி போட வேண்டும். குவார்ட்ஸ் கட்டுப்பாட்டில் ஓடும் டைரக்ட் டிரைவ் பிளேயர்களுக்கு இந்தப் பிரச்சினை இல்லை.

மூன்றாவது எஃப்.எம். ஜப்பானுக்குள் விற்ற பழைய ட்யூனர்கள் 76 முதல் 90 மெகாஹெர்ட்ஸ் வரைதான் எடுக்கும். சென்னையில் 93.5, 98.3, 101.4, 106.4 எதுவும் அதில் கிடைக்காது. முள் நகரும், விளக்கு எரியும், நிலையம் வராது. ட்யூனர் கெட்டுவிட்டதாக நினைத்துப் பிரிக்காதீர்கள்.

டர்ன்டேபிளில் முதலில் எதைக் கவனிக்க வேண்டும்?

ஊசி. வைர ஊசிக்கு 500 முதல் 1000 மணி நேரம் ஆயுள் என்பது பொதுக்கணக்கு. பழைய ஊசியை "பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது" என்று போடாதீர்கள். தேய்ந்த ஊசி உளி மாதிரி இசைத்தட்டின் வரியைச் செதுக்கிவிடும். கெட்ட தட்டைத் திரும்பப் பெற வழியே இல்லை.

பழைய பிளேயர்கள் பலவற்றில், ஊசியைத் தாங்கும் கார்ட்ரிட்ஜின் முனையில் ஒரு குட்டி நெம்புகோல் இருக்கும். அதைத் திருப்பினால் ஒரு பக்கம் எல்.பி. ஊசி, மறுபக்கம் 78 ஊசி, அதாவது நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றும் பழைய அரக்குத் தட்டுக்கான ஊசி. இரண்டும் மாறினால் ஆபத்து. எல்.பி. ஊசியின் முனை சுமார் 18 மைக்ரான், 78 ஊசி சுமார் 75 மைக்ரான். 78 தட்டில் எல்.பி. ஊசியை வைத்தால் வரியின் அடியில் உரசிக்கொண்டு இரையும். எல்.பி.யில் 78 ஊசியை வைத்தால் தட்டே கெடும்.

இந்த வகை செராமிக் கார்ட்ரிட்ஜ் நூற்றுக்கணக்கான மில்லிவோல்ட் தரும். அதை ஆம்ப்ளிஃபயரின் "ஃபோனோ" முனையில் செருகினால் சத்தம் கிழியும். "ஆக்ஸ்" முனையில் செருகுங்கள். காந்த வகைக் கார்ட்ரிட்ஜ் 3 முதல் 5 மில்லிவோல்ட்தான் தரும், அதற்குத்தான் ஃபோனோ முனை.

ஊசியின் பாரத்தைக் கார்ட்ரிட்ஜ் செய்தவர்கள் சொன்ன அளவில் வையுங்கள். காந்த வகைக்குப் பெரும்பாலும் 2 கிராம் அளவில் இருக்கும். ஊசி குதித்தால் பிளேயரின் கையின் மேல் நாணயம் ஒட்டும் வழக்கம் நம்மிடம் உண்டு. அது நோயை மறைக்கும் வேலை. சிறிய டிஜிட்டல் தராசு ஒன்றை வாங்கி அளந்து வையுங்கள். குறைந்த பாரமும் தட்டைக் கெடுக்கும் என்பதைப் பலர் நம்புவதில்லை. ஊசி வரிக்குள் உட்காராமல் சுவரில் மோதிக்கொண்டே போகும்.

வேகம் பார்க்க ஸ்ட்ரோப் அட்டையை (வேகம் சரியாக இருந்தால் கோடுகள் அசையாமல் நிற்பது போலத் தெரியும் அட்டை) வைப்பவர்களுக்கு ஒரு சேதி: நல்ல எல்.இ.டி. விளக்கு துடிப்பதில்லை, அதன் கீழே கோடுகள் நிற்காது. சோக் போட்ட பழைய டியூப்லைட்டின் கீழே வைத்துப் பாருங்கள்.

தட்டுகளில் பூஞ்சை. எப்படிச் சுத்தம் செய்வது?

வினைல் தட்டுக்கு டிஸ்டில்டு வாட்டர், சில சொட்டு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், மென்மையான மைக்ரோஃபைபர் துணி. வரி போகும் திசையிலேயே வட்டமாகத் துடைக்க வேண்டும், குறுக்கே துடைக்கக் கூடாது. நடு லேபிள் நனையக் கூடாது. குழாய்த் தண்ணீர் வேண்டாம், அதிலுள்ள உப்பு வரிகளில் படிந்து படபடவென்று கேட்கும்.

78 தட்டில் ஆல்கஹால் ஒரு சொட்டும் படக் கூடாது. அது அரக்கால் ஆனது, கரைந்துவிடும். மிதமான சோப்புத் தண்ணீர் தொட்ட துணியால் துடைத்து, உடனே காயவிடுங்கள். சென்ட்ரல் பக்கம் மூர் மார்க்கெட் கடைகளில் வாங்கும் தட்டுகளுக்கு முதலில் இந்தக் குளியல், பிறகுதான் ஊசி.

தட்டுகளைப் படுக்க வைத்து அடுக்காதீர்கள், நிமிர்த்தி வையுங்கள். மென்மையான பி.வி.சி. உறைக்குள் நெடுநாள் இருந்தால் தட்டில் பனி படர்ந்தது போல மங்கல் விழும், பாலித்தீன் உறை நல்லது. மே மாதத்தில் காருக்குள் வைத்துவிட்டுக் கடைக்குப் போனால் திரும்பி வரும்போது அப்பளம்தான்.

கேசட் டெக் சுற்றவே மாட்டேன் என்கிறது.

பெல்ட். பழைய ரப்பர் பெல்ட் உருகித் தார் மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், விரலில் பட்டால் நாள் முழுக்கப் போகாது. காது குடையும் பஞ்சுக் குச்சியை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் தொட்டு, புல்லியின் பள்ளத்திலிருந்து ஒரு துளி கறுப்பும் இல்லாமல் எடுத்தபிறகே புது பெல்ட் போட வேண்டும். கொஞ்சம் மிச்சமிருந்தாலும் பாட்டு அலையும். நாடாவிலிருந்து ஒலியை எடுக்கும் ஹெட்டையும், நாடாவை இழுக்கும் ரப்பர் உருளையையும் அப்படியே துடைத்துவிடுங்கள்.

பெல்ட் போட்டாயிற்று. ரெக்கார்டிங் சென்டரில் பதிந்த கேசட் மட்டும் மங்கலாகக் கேட்கிறது.

இந்தக் கேள்வி எனக்கு ரொம்பப் பிடித்தது. வேண்டிய பாட்டுகளைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்து, நாலு நாள் கழித்து வாங்கி வந்த கேசட்டுகள் இன்னும் பல வீடுகளில் இருக்கின்றன. அந்தக் கடையின் டெக்கில் ஹெட் எந்தச் சாய்வில் இருந்ததோ, அதே சாய்வு உங்கள் டெக்கிலும் இருந்தால்தான் மேல் சுருதிகள் முழுதாக வரும். ஹெட்டின் பக்கத்தில் இரண்டு திருகாணி இருக்கும். ஸ்பிரிங்கின் மேல் உட்கார்ந்திருப்பது, பெரும்பாலும் ஒரு துளி வண்ணப் பூச்சு வைத்து மூடியிருப்பது, சாய்வைத் திருத்தும் திருகாணி. காந்தம் ஏறாத சின்னத் திருப்புளி எடுத்துக்கொள்ளுங்கள். செட்டை மோனோவில் வையுங்கள். கேசட் ஓடும்போதே அந்தத் திருகாணியை மிக மெல்ல, கால் சுற்றுக்குள் இப்படியும் அப்படியும் நகர்த்துங்கள். ஓரிடத்தில் பாடுபவரின் "ச" ஒலி திடீரென்று கூர்மையாகும், ஜால்ரா எழுந்து வரும். அங்கே நிறுத்துங்கள். தொடங்கும் முன் திருகாணி எந்த நிலையில் இருந்தது என்று படம் எடுத்து வைத்தால், கம்பெனி கேசட்டுக்குத் திரும்ப வசதி. அந்தப் பாட்டுகளைக் கணினியில் ஏற்றுவதாக இருந்தால் இந்தத் திருத்தத்துக்குப் பிறகு ஏற்றுங்கள்.

ஸ்பீக்கர் கூம்பைச் சுற்றியிருக்கும் வளையம் உதிர்கிறது. ஸ்பீக்கரைத் தூக்கிப் போட வேண்டியதுதானா?

ஐயோ, வேண்டாம். உதிர்வது ஃபோம் வளையம் மட்டும்தான். வெயிலும் ஈரமும் சேர்ந்தால் அது பொடிந்துவிடும். துணி வளையமும் ரப்பர் வளையமும் இப்படிப் பொடிவதில்லை. சரியான அளவில் புது ஃபோம் வளையம் வாங்கி ஒட்டலாம். முதல்முறை செய்பவர்களுக்கும் இது கைவரும்.

பழைய ஃபோமையும் பசையையும் ஆல்கஹால் தொட்டுப் பொறுமையாகச் சுரண்டி எடுங்கள், காகிதக் கூம்பு கிழியக் கூடாது. புது வளையத்தை முதலில் கூம்பில் ஒட்டிக் காயவிட்டு, பிறகு சட்டத்தில் ஒட்டுங்கள். சட்டத்தில் ஒட்டும்போதுதான் கவனம் வேண்டும்: பசை இறுகும் முன் இரண்டு கையின் விரல்களாலும் கூம்பைச் சமமாக அழுத்தி விட்டுப் பாருங்கள். "சர்" என்று உரசினால் காயில் நடுவில் இல்லை, கொஞ்சம் நகர்த்துங்கள். செல்போனிலிருந்து 30 ஹெர்ட்ஸ் ஒலியை ஆம்ப்ளிஃபயர் வழியாக மெல்ல விட்டும் உரசலைக் கண்டுபிடிக்கலாம். சரியான இடத்தில் நின்றதும் ஒரு இரவு அப்படியே விடுங்கள்.

திரும்ப வயர் கொடுக்கும்போது 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு கணம் தொட்டுப் பாருங்கள். கூட்டல் முனை சரியாக இருந்தால் கூம்பு வெளியே தள்ளும். இரண்டு ஸ்பீக்கரும் ஒரே பக்கம் தள்ள வேண்டும். ஒன்று உள்ளே போனால் மிருதங்கத்தின் தொப்பிச் சத்தம் காணாமல் போய்விடும்.

எங்கே வைத்துக் கேட்பது?

ஸ்பீக்கரைச் சுவரோடு ஒட்டாமல், ட்வீட்டர் (மேல் சுருதிகளைத் தரும் சின்ன ஸ்பீக்கர்) காது உயரத்தில் இருக்கும்படி வையுங்கள். டர்ன்டேபிளை ஸ்பீக்கர் இருக்கும் மேஜையிலேயே வைத்தால் ஊளையிடும். ஆம்ப்ளிஃபயருக்கு மேலே காற்றுப் போக இடம் விடுங்கள், அழகுக்காக மேலே கைவேலைத் துணி விரிக்காதீர்கள்.

போனிலிருந்து பாட்டு கேட்டால் பழைய செட்டின் மரியாதை போய்விடுமா?

அப்படியெல்லாம் இல்லை. ஒரு சின்ன புளூடூத் ரிசீவரை ஆக்ஸ் முனையில் மாட்டிக்கொண்டு தினமும் கேளுங்கள். காட்சிக்கு வைத்த செட்டைவிடத் தினம் ஓடும் செட்டுக்குத்தான் ஆயுள் அதிகம்.

மழைக்காலத்தில் என்ன செய்வது?

வாரம் ஒருமுறையாவது ஒரு மணி நேரம் ஓட விடுங்கள். அந்தச் சூடே உள்ளே இருக்கும் ஈரத்தை விரட்டும், சுவிட்சுகளில் களிம்பு ஏறாது, எலக்ட்ரோலிட்டிக் கண்டென்சர்களும் நல்ல நிலையில் இருக்கும். இடி மின்னல் என்றால் பிளக்கையும் ஆன்டெனா வயரையும் பிடுங்கிவிடுங்கள். செட்டைப் பிளாஸ்டிக் கவரால் மூட வேண்டாம், ஈரத்தை உள்ளேயே பூட்டி வைக்கும். பருத்தித் துணி போதும், அதையும் செட் ஆறிய பிறகு போடுங்கள்.